மூலிகை சோப்பு, தைலம், கிருமிநாசினி: எந்த வேலைக்கு எதை எடுப்பது?

"குளியலறை அலமாரி நிரம்பி வழிகிறது. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு மூலிகை சோப்பு, ஒரு தைலம் என்று நிறுத்திக்கொள்ளலாமா?" இந்தக் கேள்வி வெவ்வேறு சொற்களில் அடிக்கடி வருகிறது. கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. திரவ சோப்புப் புட்டியின் லேபிளில் குளியல், பாத்திரம், துணி, தரை, செடிப்பூச்சி என்று பட்டியல் நீள்கிறது. தைல டப்பாவைத் திருப்பினால் தலைவலி, சளி, மூட்டுவலி, பூச்சிக்கடி. இவ்வளவையும் இவையே செய்யும் என்றால் மற்றதெல்லாம் எதற்கு?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோப்பின் நீண்ட பட்டியலைப் பெரும்பாலும் நம்பலாம். தைலத்தின் பட்டியலை அப்படி நம்ப முடியாது. சோப்பு செய்வது ஒரே வேலை: எண்ணெய்ப் பசையையும் அதோடு ஒட்டிய அழுக்கையும் தண்ணீரோடு கழற்றி அனுப்புவது. உடம்பு, தட்டு, தரை எங்கும் அழுக்கு அப்படித்தான் ஒட்டியிருக்கிறது, அதனால் எங்கும் அது செல்லுபடியாகிறது. தைலம் தருவதும் ஒன்றே ஒன்றுதான், ஒரு குளிர்ச்சியோ சூடோ. தலைவலிக்கும் சளிக்கும் மூட்டுக்கும் காரணங்கள் வேறு வேறு; மேலே தெரிகிற குளுகுளுப்பு மட்டும் ஒன்று.

எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது நான்கு விஷயம். முதலாவது, பொருள் எந்த வழியில் வேலை செய்கிறது என்பது. லேபிளில் எத்தனை பயன் இருக்கிறது என்று எண்ணுவது வீண். இரண்டாவது, அது எங்கே படுகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது. முப்பது விநாடியில் கழுவிவிடும் சோப்பும் இரவு முழுக்க நெஞ்சில் கிடக்கும் களிம்பும் ஒன்றல்ல. மூன்றாவது, வீட்டில் யார் இருக்கிறார்கள்: கைக்குழந்தை, பூனை, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் பெரியவர், தோல் எளிதில் சிவக்கும் ஒருவர். நான்காவது, மறைமுகச் செலவு. கூடுதல் தண்ணீர், படிந்துபோகும் வெள்ளைப் படலம், கெட்டுப்போகும் கலவை, தள்ளிப்போகும் மருத்துவம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். கடைசியாகச் சொன்னதுதான் பெரிய செலவு, ஆனால் அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

மூலிகை சோப்புக் கட்டி

சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் உப்பு. எண்ணெயும் காரமும் சேர்ந்து உருவாவது. அதில் வேம்பு சேர்த்தாலும் துளசி சேர்த்தாலும் அழுக்கை எடுப்பது அந்த உப்புதான். மூலிகைச் சாறு தோலில் நிற்பது சில விநாடி, அதற்குள் பெரும்பகுதி நுரையோடு போய்விடுகிறது. ஆக, "மூலிகை" என்ற சொல்லுக்காகக் கூடுதல் காசு கொடுத்தால் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் மணத்தை. மணத்துக்காக வாங்குவதில் தவறில்லை, நானும் வாங்குகிறேன். தோல் நோய் தீரும் என்று வாங்கினால்தான் ஏமாற்றம்.

"மூலிகை என்றால் மென்மை" என்பதும் சரியல்ல. எந்த உண்மையான சோப்பும் காரத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 9 முதல் 10 வரை இருக்கும். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு 5-ஐ ஒட்டிய லேசான அமிலம். சாதாரணத் தோல் சீக்கிரமே சமாளித்துவிடும். எக்சிமா என்ற அரிப்புத் தோல் நோய் உள்ள தோலுக்கு அந்த வசதி இல்லை. சோப்பே இல்லாத, பி.எச். குறைந்த கழுவும் திரவம்தான் அதற்கு ஏற்றது. இன்னொன்று, வாசனை எண்ணெய்களில் உள்ள லிமோனீன், லினலூல் போன்றவை காற்றுபட்டுப் பழசாகும்போது ஒவ்வாமையைத் தூண்டும் பொருள்களாக மாறுகின்றன. இயற்கையில் கிடைத்தது என்பதற்காகத் தோல் சலுகை காட்டாது.

கட்டியை வாங்குவதானால் மூலிகைப் பெயர்களைவிட டி.எஃப்.எம். சதவீதத்தைப் பாருங்கள். மொத்தக் கொழுப்புப் பொருள் எவ்வளவு என்பதன் அளவு அது. எண் உயர உயர சோப்பு அதிகம், நிரப்புப் பொருள் குறைவு. லேபிளில் அச்சிட்டிருந்தால் அதைவிட நேர்மையான தகவல் அங்கே வேறெதுவும் இல்லை.

"கிருமியைக் கொல்லும் சோப்பு வேண்டாமா?" என்றும் கேட்பார்கள். 2016-ல் அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, டிரைக்ளோசான் உட்பட 19 கிருமிநாசினிகளை வீட்டு சோப்புகளில் சேர்க்கக் கூடாது என்று உத்தரவிட்டது. சாதாரண சோப்பும் தண்ணீரும் செய்வதைவிட இவை கூடுதலாக எதையும் செய்கின்றன என்று தயாரிப்பாளர்களால் நிரூபிக்க முடியவில்லை. கை கழுவ 20 விநாடி தேய்ப்பதுதான் விஷயம். எந்தக் கட்டியானாலும் சரி.

குளியலைத் தாண்டிக் கட்டிக்குச் சின்னச் சின்ன உபயோகங்கள் உண்டு. சிக்கிக்கொள்ளும் ஜிப்பில் காய்ந்த சோப்புத் துண்டைத் தேய்க்கலாம், இறுகிய மர இழுப்பறையின் ஓரத்தில் பூசலாம். சட்டைக் காலர் கறைக்குத் துவைப்பதற்கு முன் நேராகவே தேய்க்கலாம். மரத்தில் இறங்கும் திருகாணிக்கு மட்டும் வேண்டாம், சோப்பு ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைக்கும்.

தாவர எண்ணெய் திரவ சோப்பு

பல வேலை சோப்பு என்றால் இதுதான். எமானுவேல் ப்ரானர் 1948-ல் தொடங்கிய நிறுவனத்தின் பெப்பர்மின்ட் சோப்பு "18 வேலைக்கு ஒன்று" என்று லேபிளிலேயே எழுதிக்கொண்டது. அதற்குப் பின் வந்தவர்களும் அந்தப் பாணியையே பிடித்துக்கொண்டார்கள். காஸ்டைல் சோப்பு என்று சொல்வதும் இந்த வகைதான். ஸ்பெயினின் ஆலிவ் எண்ணெய் சோப்பிலிருந்து வந்த பெயர், இப்போது விலங்குக் கொழுப்பில்லாத சோப்புக்கெல்லாம் ஒட்டிவிட்டது.

கட்டிக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு காரத்தில் இருக்கிறது. கட்டிக்கு சோடியம், திரவத்துக்குப் பொட்டாசியம். கழுவிய தண்ணீரைச் செடிக்கு விடுகிறவர்களுக்கு இது முக்கியம். சோடியம் மண்ணில் சேர்ந்தால் மண் இறுகும். பொட்டாசியம் அந்த அளவுக்குக் கெடுதல் செய்யாது.

எதற்கெல்லாம் நன்றாக வேலை செய்கிறது? கை கழுவ, உடம்பு கழுவ, கழுவுதொட்டி தேய்க்க, தூரிகை கழுவ, டைல்ஸ் தரை துடைக்க. செடிப்பூச்சிக்கும் உண்மையிலேயே பயன்படும். அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி மாதிரி மெல்லுடல் பூச்சிகள் மேல் சோப்புக் கரைசல் நேராகப் படவேண்டும், அப்போதுதான் சாகும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 முதல் 20 மில்லி போதும். காய்ந்த பிறகு அதற்குச் சக்தி இல்லை, அதனால் இலையின் அடிப்பக்கம்வரை நனைத்தே ஆகவேண்டும். வெயில் நேரத்தில் தெளித்தால் இலை கருகும். முதலில் இரண்டு இலையில் தெளித்து ஒருநாள் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.

இனிக் குறைகள். முதல் எதிரி கடினத் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவாகிவிடும். கண்ணாடித் தம்ளரில் மங்கல், குழாயில் வளையம், துண்டில் விறைப்பு எல்லாம் இதனால்தான். துண்டு சில மாதத்தில் தண்ணீரை உறிஞ்ச மறுத்தால் காரணம் தேடி அலைய வேண்டாம். டிடர்ஜென்ட் கண்டுபிடிக்கப்பட்டதே பாதி இந்தப் பிரச்சினைக்காகத்தான். அது கால்சியத்தோடு இப்படிச் சண்டை போடாது. உங்கள் தண்ணீர் கடினமானது என்றால் துணிக்கும் பாத்திரத்துக்கும் திரவ சோப்பை நம்ப வேண்டாம். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் எந்தத் தண்ணீருக்கும் வேண்டாம், நுரை பொங்கிவிடும்.

இரண்டாவது, வினிகர். "இயற்கையான இரண்டைக் கலந்தால் இரட்டைச் சக்தி" என்று நம்பி ஒருமுறை நானும் கலந்தேன். பால் திரிந்த மாதிரி வெள்ளையாகக் கட்டிகட்டியாக ஆனது. தரையில் ஊற்றியிருந்ததால் அதைத் துடைக்கத் தனியாக ஒரு மணி நேரம் போனது. அமிலம் பட்டதும் சோப்பு பழையபடி கொழுப்பு அமிலமாகப் பிரிந்துவிடுகிறது, அவ்வளவுதான் நடந்தது. முதலில் சோப்பு, அலசியபின் தனியாக வினிகர் என்றால் சரி. கலக்கக் கூடாது.

மூன்றாவது, நீர்த்த கலவை கெட்டுப்போகும். கெட்டித் திரவத்தில் கிருமி வளர்வது கடினம். நான்கு பங்கு தண்ணீர் சேர்த்து ஸ்ப்ரே புட்டியில் மாதக்கணக்கில் வைத்தால் நிலைமை வேறு. ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலந்துகொள்ளுங்கள். சிக்கனம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். கெட்டித் திரவத்தை நீர்க்காமலே ஊற்றும் பழக்கம் வீட்டில் ஒருவருக்கு இருந்தாலும் சிக்கனம் காணாமல் போய்விடும்.

முடிக்கு? குட்டை முடி என்றால் சமாளிக்கலாம். நீண்ட முடியிலும் சாயம் போட்ட முடியிலும் காரம் முடியின் மேலடுக்கைத் தூக்கிவிட்டுச் சிக்கலாக்கும், சாயமும் சீக்கிரம் வெளுக்கும். பட்டு, கம்பளித் துணிகளுக்கும் காரம் ஆகாது. பல் துலக்க முடியும் என்று லேபிள் சொன்னால், அதில் ஃப்ளோரைடு இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பற்பசை வாங்குவதற்கான முக்கியக் காரணமே அதுதானே.

தைலமும் களிம்பும்

இன்றைய தைலங்களின் முன்னோர், அந்தக் காலத்தில் கடைகளில் விற்ற "பேட்டன்ட் மருந்துகள்". அந்தப் பெயரே ஒரு வேடிக்கை. பேட்டன்ட், அதாவது காப்புரிமை, வாங்கினால் செய்முறையை வெளியிடவேண்டும். அந்தக் காலத்து வியாபாரிகள் பெரும்பாலும் பெயரையும் புட்டி வடிவத்தையும்தான் பதிவு செய்தார்கள், உள்ளே இருந்தது ரகசியம். அமெரிக்காவில் 1906-ல் வந்த சட்டம் மது, அபின், மார்பின் போன்றவை இருந்தால் லேபிளில் எழுதவேண்டும் என்றது. அழும் குழந்தையைத் தூங்கவைக்க விற்ற பிரபலமான ஒரு சிரப்பில் மார்பின் இருந்தது. குழந்தை தூங்கியதில் வியப்பில்லை.

ஏமாற்று மருந்துக்கு இன்றும் "பாம்பெண்ணெய்" என்று பெயர் சொல்கிறார்கள். அந்தப் பெயருக்குக் காரணமான அமெரிக்க வியாபாரி கிளார்க் ஸ்டான்லியின் புட்டியைச் சோதித்தபோது பாம்பு இல்லை. கனிம எண்ணெய், கொஞ்சம் கொழுப்பு, மிளகாய்க் காரம், டர்பென்டைன், கற்பூரத்தின் சாயல் இருந்தன. 20 டாலர் அபராதம் போட்டார்கள். எனக்கு இதில் சுவாரசியமாகப் படுவது வேறு. மிளகாயும் கற்பூரமும் கலந்த எண்ணெயை இன்றும் வலித்தைலம் என்று விற்கிறோம், அது ஓரளவு வேலையும் செய்கிறது. அவர் செய்த பொய் பாம்பு பற்றியதும், பட்டியலின் நீளம் பற்றியதும்தான்.

சரி, தைலம் எப்படி வேலை செய்கிறது? மென்தால் தோலில் குளிரை உணரும் நரம்பு முனைகளைத் தட்டி எழுப்புகிறது. உண்மையில் அங்கே குளிரவில்லை. குளிர்வதாக மூளைக்குச் செய்தி போகிறது. அந்தச் செய்தியின் இரைச்சலில் வலியின் குரல் கொஞ்சம் அமுங்குகிறது. தசைப்பிடிப்பு, லேசான முதுகுவலி, டென்ஷனால் வரும் தலைவலி இவற்றுக்கு அந்த அமுக்கம் போதும், நிம்மதி தரும். தேய்த்துவிடும் கையின் பங்கும் அதில் உண்டு.

மூக்கடைப்பிலும் இதே கதை. மென்தால் முகர்ந்ததும் மூக்கு திறந்த மாதிரி இருக்கும், ஆனால் காற்றோட்டத்தை அளந்து பார்த்தால் அடைப்பு அப்படியேதான் இருக்கிறது. அதற்காகப் பயனில்லை என்று தள்ளிவிடவும் முடியாது. 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், சளி பிடித்த 2 முதல் 11 வயது வரையான 138 குழந்தைகளில் களிம்பு தடவியவர்கள் அன்றிரவு மற்றவர்களைவிட நன்றாகத் தூங்கினார்கள், இருமலும் குறைந்தது. தோல் எரிச்சல் மாதிரியான தொல்லைகளும் அவர்களுக்குத்தான் அதிகம் இருந்தன. சளி ஆறுவதில்லை, ஆனால் இரவு கொஞ்சம் சுலபமாகக் கழிகிறது. இதை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

கால் நகப் பூஞ்சைக்கும் களிம்பு தடவச் சொல்கிறார்கள். 18 பேரை 48 வாரம் கவனித்த சிறு ஆய்வு ஒன்றில் 5 பேருக்கு முழுதாகக் குணமானது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்து தடவாத குழு இல்லை. செய்துபார்ப்பதால் நஷ்டமில்லை, சர்க்கரை நோயாளியாக இருந்தால் ஒரு வருடம் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுவதே நல்லது.

இனி, லேபிளில் பொடி எழுத்தில் இருப்பதைக் கொஞ்சம் பெரிதாகச் சொல்கிறேன், இங்கேதான் ஆபத்து இருக்கிறது.

கற்பூரம் வயிற்றுக்குள் போனால் விஷம். சிறு குழந்தைக்குச் சில மில்லி கெட்டி எண்ணெயே வலிப்பு வரவைக்கப் போதும், அதுவும் சில நிமிடங்களில் வரலாம். அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் 20 சதவீதக் கற்பூர எண்ணெயின் விற்பனையையே நிறுத்தினார்கள். வெளிப்பூச்சில் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் வரம்பு வைத்தார்கள். விளக்கெண்ணெய் என்று நினைத்து அதைக் குடிக்கக் கொடுத்த சம்பவங்கள்தான் அதற்குப் பின்னால் இருந்தன. இரண்டு வயதுக்குள் குழந்தைக்குக் கற்பூரக் களிம்பு தடவக் கூடாது. எந்த வயதானாலும் மூக்குத் துளைக்குள் வைக்கக் கூடாது. பல நாள் தொடர்ந்து மூக்கில் தடவினால் களிம்பின் எண்ணெய்ப் பசை நுரையீரலுக்குள் இறங்கி அங்கே அழற்சியைக் கிளப்பும்.

வலித்தைலங்களில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு. வின்டர்கிரீன் எண்ணெய் என்பது கிட்டத்தட்ட முழுக்க அதுவேதான்; கலப்பில்லாமல் ஒரு டீஸ்பூனில் ஏறத்தாழ 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமமான சாலிசிலேட் இருக்கிறது. 325 மில்லிகிராம் மாத்திரை இருபதுக்கும் மேல். தோல் வழியாகவும் அது உள்ளே போகும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் தினமும் தாராளமாகத் தேய்த்தால் ரத்தம் உறையும் அளவே மாறலாம். தைலம் தேய்த்த இடத்தில் ஹீட்டிங் பேட் வைத்தாலோ இறுக்கிக் கட்டினாலோ தீப்புண் மாதிரி ஆகிவிடும். களிம்பைத் தண்ணீரில் போட்டு அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சூடாக்குவது இன்னும் மோசம், அது தெறிக்கும்.

தீக்காயத்தில் தைலம் தடவும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. குளிர்ச்சியாக இருப்பதால் வந்த நம்பிக்கை. ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவதுதான் சரி. தைலம் எரிச்சலைக் கூட்டும், அதன் பசை சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும்.

மருந்தல்லாத வேலைகளில் யூக்கலிப்டஸ் எண்ணெயை மட்டும் தனியாகப் பாராட்டவேண்டும். ஜாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் பசைக்கு அது அருமையான கரைப்பான். சோப்பு தோற்கும் இடத்தில் இது ஜெயிக்கும். தீப்பற்றக் கூடியது, அடுப்புப் பக்கம் வேண்டாம். கொசுவுக்கென்று தடவினால் அரை மணி நேர நிம்மதிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். கொசுவிரட்டிகளில் சொல்லப்படும் "லெமன் யூக்கலிப்டஸ்" என்பது பி.எம்.டி. என்ற வேறு பொருள், பெயர்தான் ஒன்று.

கிருமிநாசினித் திரவம்

தண்ணீரில் விட்டால் வெள்ளையாகக் கலங்கும் அந்தப் பழுப்புத் திரவத்தில் இருப்பது குளோரோசைலினால். கிருமியைக் கொல்லும், சந்தேகமில்லை. ஆனால் அழுக்கு எடுக்காது. அழுக்கு இருக்கும் தரையில் ஊற்றினால் அதன் சக்தி அழுக்கிலேயே செலவாகிவிடும். முதலில் சோப்பு, அதன்பிறகு இது என்பதுதான் வரிசை. அப்படிப் பார்த்தால் பெரும்பாலான நாள்களில் முதல் படியோடு நிறுத்திக்கொள்ளலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு, பச்சை இறைச்சி வெட்டிய மேடை என்று காரணம் இருக்கும்போது மட்டும் எடுங்கள்.

குளியல் வாளியில் தினமும் ஊற்றுவது வீண் செலவு, தோலுக்கும் கேடு. சிறு காயத்துக்குச் சுத்தமான ஓடும் தண்ணீரே போதும். நீர்க்காமல் ஊற்றினால் புண்ணே பெரிதாகும். வீட்டில் பூனை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். குளோரோசைலினால் ஒரு ஃபீனால் வகைப் பொருள்; பூனையின் கல்லீரலால் அந்த வகையை நன்றாக வெளியேற்ற முடியாது; ஈரத் தரையில் நடந்துவிட்டு அது பாதத்தை நக்கும். டீ ட்ரீ எண்ணெயையும் அதன் உடம்பில் தடவவே கூடாது.

ஒரே பார்வையில்

| வேலை | சோப்புக் கட்டி | திரவ சோப்பு | தைலம் / களிம்பு | கிருமிநாசினி |
|---|---|---|---|---|
| கை, உடம்பு | மிக நன்று | மிக நன்று | – | தேவையில்லை |
| பாத்திரம், துணி | கறைக்கு மட்டும் | மென்மையான தண்ணீரில் | – | நோய்க் காலத்தில், துவைத்தபின் |
| தரை, மேடை | – | டைல்ஸில் நன்று, படலம் வரும் | – | முதலில் கழுவிய பிறகு |
| செடிப்பூச்சி | – | நன்று, நேராகப் படவேண்டும் | – | கூடாது |
| தசைவலி | – | – | நன்று | – |
| சளி, இருமல் | – | – | தூங்க உதவும், குணமாக்காது | – |
| சிறு காயம் | சுற்றிலும் கழுவ | சுற்றிலும் கழுவ | கூடாது | நீர்த்து, அவசியமென்றால் |
| தீக்காயம் | – | – | கூடாது | கூடாது |
| ஸ்டிக்கர் பசை | – | – | யூக்கலிப்டஸ் எண்ணெய் | – |

யாருக்கு எது

தனியாக இருப்பவர், அடிக்கடி வீடு மாறுபவர், தண்ணீர் மென்மையாக உள்ள இடத்தில் வசிப்பவர்: திரவ சோப்பு ஒன்றை வைத்தே பாதி அலமாரியைக் காலி செய்யலாம். இந்த ஆசைக்கு அது தகுதியானதுதான்.

தண்ணீர் கடினமாக இருந்தால் குளியலுக்கு நல்ல கட்டி, பாத்திரத்துக்கும் துணிக்கும் டிடர்ஜென்ட் என்று பிரித்துவிடுங்கள். புட்டி ஒன்று கூடும், தேய்க்கும் நேரம் குறையும். தண்ணீர் எப்படி என்று தெரியவில்லையா? ஒரு புட்டியில் கொஞ்சம் தண்ணீர், இரண்டு துளி திரவ சோப்பு விட்டுக் குலுக்குங்கள். நுரை நின்று கீழே தெளிவாக இருந்தால் மென்மை. நுரை அடங்கிக் கலங்கினால் கடினம்.

இரண்டு வயதுக்குள் குழந்தை இருக்கும் வீட்டில் கற்பூரத் தைலம் வாங்காமல் இருப்பதே என் தேர்வு. பெரியவருக்காக வாங்கியே ஆகவேண்டும் என்றால் பூட்டிய அலமாரியில் வையுங்கள், தேய்த்த கையைக் கழுவாமல் குழந்தையைத் தூக்காதீர்கள். கழுவாத கையால் நான் ஒருமுறை என் கண்ணைத் தேய்த்துவிட்டு அரைமணி நேரம் குழாயடியில் நின்றேன்; பிஞ்சுக் கண்ணுக்கு அது வேண்டாம். குழந்தை தைலத்தையோ எண்ணெயையோ விழுங்கியது தெரிந்தால் வாந்தி எடுக்கவைக்காமல், புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

வலிக்காக மட்டும் தைலம் வாங்குகிறவர்கள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டால் போதும். ஒரு வாரம் தேய்த்தும் அதே இடத்தில் அதே வலி இருந்தால், அல்லது கை காலில் மரத்துப்போதல், காய்ச்சல், நெஞ்சுவலி என்று ஏதாவது கூட வந்தால், புட்டியை மூடி வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலிக்கு ஒரு வாரமெல்லாம் கிடையாது, அந்த நிமிடமே கிளம்பவேண்டும்.